கோயம்புத்தூரில் தொழில்முறைக் கால்பந்து

கோயம்புத்தூரில் தேசிய அளவிலான தொழில்முறைக் கால்பந்து, சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் வழியாக 2017 முதல் 2020 வரை நடைபெற்றது. இக்கழகம் கோவை நேரு விளையாட்டரங்கத்தைத் தாயகக் களமாகக் கொண்டு ஐ-லீக் தொடரில் ஆடியது. 2018–19 பருவத்தில் வாகை சூடியது. அதே ஆண்டில் இந்தியக் கால்பந்தின் தொடர் அமைப்பு மாற்றப்பட்டதால், ஐ-லீக் வாகையர் என்ற பட்டம் நாட்டின் முதல்தரப் பட்டமாக நீடிக்கவில்லை. பணமும் தொடர்களின் மறுசீரமைப்பும் ஒரு வட்டாரத்தின் இரசிகர்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

2007இல் தொடங்கப்பட்ட ஐ-லீக், இந்தியாவின் முதல்தரக் கழகத் தொடராக இருந்தது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 700 கோடி ரூபாய் மதிப்பிலான வணிக உரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. இதன் தொடர்ச்சியாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் எட்டு அணிகளுடன் தொடங்கியது. ஐ-லீக்கிலிருந்து வேறுபட்டு, இதில் அணிகள் கட்டணம் செலுத்தி இடம்பெற்றன; தரமுயர்வோ தரமிறக்கமோ அப்போது இருக்கவில்லை. தமிழ்நாட்டின் சார்பில் சென்னையின் எஃப்சி இதில் இடம்பெற்றது.

கோவைக்கு வருகை

சென்னை சிட்டி 2016–17 பருவத்தில் நேரடி நுழைவு உரிமை பெற்று ஐ-லீக்கில் சேர்ந்தது. முதல் பருவத்தில் சென்னையில் ஆடிய இக்கழகம், அடுத்த பருவத்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவைக்கு இடம்பெயர்ந்தது. பெயரில் சென்னை நீடித்தாலும், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி உள்ளிட்ட கொங்குப் பகுதியினர் தேசியத் தொடர் ஒன்றை அருகிலேயே காணும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

2018–19 பருவம்

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு பயிற்சியாளராக இருந்த இப்பருவத்தில் பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கோவையில் நடைபெற்ற இறுதி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் அணி முதலில் கோல் அடித்தது. பின்னர் மான்சி ஒரு கோலும் கௌரவ் போரா இரு கோல்களும் அடிக்க, சென்னை சிட்டி 3–1 என வென்றது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று, 42 புள்ளிகள் பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே புள்ளியில் முந்தியது. அடுத்த சில வாரங்களில் நடந்த சூப்பர் கோப்பையில், அப்பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் வாகையரான பெங்களூரு அணியையும் 2–1 என வென்றது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் இக்கழகத்தின் 26 விழுக்காடு பங்குகளைப் பெற்றது.

மறுசீரமைப்பு

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதல்தரத் தொடராக ஏற்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஐ-லீக் வாகையருக்குக் கட்டணமின்றித் தரமுயர்வு அளிப்பது 2022–23 பருவத்தின் முடிவிலிருந்து மட்டுமே என வரையறுக்கப்பட்டது. ஆகவே 2019இன் வாகையருக்கு, ஆட்ட வெற்றியைக் கொண்டு மட்டும் முதல்தரத்தில் இடம்பெறும் வழி இருக்கவில்லை. 2020இல் மோகன் பகான், ஏடிகே கழகத்துடன் இணைந்தும், ஈஸ்ட் பெங்கால் புதிய முதலீட்டாளரின் துணையுடனும் இந்தியன் சூப்பர் லீக்கிற்குச் சென்றன. இரசிகர் திரளும் முதலீடும் கொண்ட இவ்விரு கழகங்களுக்குக் கிட்டிய வழி பிறருக்குக் கிட்டவில்லை.

இரசிகர்கள் மீதான தாக்கம்

* வீரர்கள்: மைக்கேல் சூசைராஜ் 2018இல் ஜாம்ஷெட்பூர் அணிக்கும், எட்வின் சிட்னி வன்ஸ்பால் 2019இல் சென்னையின் எஃப்சிக்கும் சென்றனர். மான்சி 2020 தொடக்கத்தில் சப்பானியக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். உள்ளூர் இரசிகர்கள் அறிந்த அணி விரைவில் கலைந்தது.
* களம்: 2020 சனவரியில் ஆசிய வாகையர் தொடரின் தகுதிச்சுற்றில் இக்கழகம் பகுரைனின் ரிஃபா அணியிடம் 0–1 எனத் தோற்றது. கோவையில் வென்ற பட்டத்தால் கிடைத்த இவ்வாட்டம் அகமதாபாத்தில் நடைபெற்றது.
* பெருந்தொற்று: 2020–21 பருவம் முழுவதும் மேற்கு வங்கத்தில் நடத்தப்பட்டதால், கோவையில் ஆட்டங்கள் நடைபெறவில்லை.

2021–22 பருவம் முதல் சென்னை சிட்டி ஐ-லீக்கில் இடம்பெறவில்லை. அதன் பின்னர் கோவை இரசிகர் முதல்தர ஆட்டம் ஒன்றை நேரில் காண சென்னைக்கோ, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொச்சிக்கோ செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது.

அமெரிக்காவுடன் ஒப்பீடு

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்திலும் இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. (இது கையாலும் ஆடப்படும் வேறு விளையாட்டு ஆகும்.) அங்கு தொலைக்காட்சி வருமானத்தை முன்னிட்டுக் கல்லூரிகள் தொடர் கூட்டமைப்புகளை மாற்றிக்கொள்கின்றன. 2024இல் பத்துக் கல்லூரிகள் விலகியதால், மேற்குக் கடற்கரையின் பழைய கூட்டமைப்பான பசிபிக்-12இல் இரண்டு மட்டுமே எஞ்சின. எனினும் அங்கு விலகிய கல்லூரி அதே ஊரில் தொடர்ந்து ஆடுகிறது. இரசிகர் இழப்பது பழைய போட்டியாளர்களையே. கோவையில் இழக்கப்பட்டது அணியே ஆகும்.

பிந்தைய நிகழ்வுகள்

ஐ-லீக்கிலிருந்து தரமுயர்வு பெற்ற முதல் கழகம் பஞ்சாப் எஃப்சி ஆகும். 2022–23 பருவத்தில் வாகை சூடி அது இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. 2019இல் கோவையில் தோற்ற மினர்வா பஞ்சாப் கழகமே பின்னர் உரிமையாளரும் பெயரும் மாறி இந்நிலையை அடைந்தது. 2010ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2025 சூலையில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததைக் காரணம் காட்டி இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. பணத்தால் உயர்ந்த தொடரும் பணம் குறித்த உடன்பாடின்றி நடைபெற இயலாது என்பதை இது காட்டியது.