மடிக்கணினி வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பகலில் காணொளித் தொகுப்பு, இரவில் கேம். இரண்டுக்கும் ஒரே மடிக்கணினி தேடுபவர்களில் நானும் ஒருவன். லோ யாட் பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கியதில் ஒன்று புரிந்தது: விலை அட்டையில் இல்லாததைத்தான் கேட்க வேண்டும்.

முதலில், கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட்? ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயர்தான். ஆனால் மாடலைப் பொறுத்து அதற்குக் கிடைக்கும் மின்சாரம் 35 முதல் 115 வாட் வரை மாறும். மெல்லிய மடிக்கணினியில் சூடு சீக்கிரம் ஏறும் என்பதால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். வேகமும் குறையும்.

அடுத்து, திரை எத்தனை நிறங்களைக் காட்டும்? 144 ஹெர்ட்ஸ் என்பது கேமுக்கு நல்லது. நிறத்துக்கு அது உத்தரவாதமில்லை. ‘45 விழுக்காடு என்டிஎஸ்சி’ திரை, வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே காட்டும். அதில் திருத்திய திருமணப் படத்தின் பட்டுச்சேலைச் சிவப்பு, அடுத்தவர் கைப்பேசியில் வேறாகத் தெரியும். ‘100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி’ திரையையே கேளுங்கள்.

மூன்றாவது, ரேமைப் பின்னர் கூட்ட முடியுமா? 16 ஜிபி நல்ல தொடக்கம். ஆனால் சில மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், வாங்கியது வாங்கியதுதான்.

என்னைப்போல் குரல் பதிவும் செய்பவர் என்றால், கடையிலேயே ஒரு கேமை ஓட்டச் சொல்லி விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். மைக் எதையும் மறைக்காது.

பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பமே சேர்த்த பணமாக இருக்கலாம். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லையா? முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் சரிபார்த்த பிறகு பணம் கட்டலாம்.