வெளியே குளிர்ந்தும் உள்ளே கொதிக்கிறதா? உங்கள் வீட்டின் காய்ச்சலைக் குறித்துவைக்கும் குட்டிக் கருவி!

மதுரையில் கோடைக்கால ராத்திரி. மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் கொஞ்சமாவது காற்று வருகிறது. கீழே படுக்கையறையில் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. வெயில் போய் நாலைந்து மணி நேரம் ஆன பிறகும் வீட்டுக்குள் ஏன் இந்தக் கொதிப்பு?

"ஏ.சி வாங்கினால் சரியாகிவிடும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஏ.சி மணிக்கு சராசரியாக 1 யூனிட் இழுக்கிறது, தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 60 நாளில் 480 யூனிட். ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் 501-வது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் சேர்த்தே கூடிவிடும். கரன்ட் பில்லைப் பார்த்து மயக்கம் வருவது இங்கேதான்.

ஏ.சி வாங்கும் முன், வீட்டுக்கு எங்கிருந்து, எத்தனை மணிக்குச் சூடு வருகிறது என்று கண்டுபிடித்தால் என்ன? அதற்கு உதவுவதுதான் டேட்டா லாகர். கட்டைவிரல் அளவிலிருந்து தீப்பெட்டி அளவு வரை கிடைக்கிறது. பேட்டரியில் ஓடும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 144 குறிப்பு, ஒரு வாரத்தில் 1,008. பல மாடல்களில் புளூடூத் வழியாக செல்போனிலேயே கிராஃப் பார்க்கலாம். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று ராத்திரி பகலாகக் காவல் காப்பதும் இதே வகைக் கருவிதான்.

சாதாரண தெர்மாமீட்டர் போதாதா? போதாது. அது இப்போதைய சூட்டை மட்டுமே காட்டும். நீங்கள் தூங்கும்போது 2 மணிக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

மூன்று இடங்களில் வைக்க வேண்டும். ஒன்று, வெளியே நிழலில். இன்னொன்று, படுக்கையறையில் கட்டில் உயரத்தில். மூன்றாவது, அதே அறையின் கூரைக்கு அடியில். வெயில் நேராக விழும் இடமும் ஏ.சி காற்று படும் இடமும் கூடாது.

ஒரு வாரம் கழித்து மூன்று கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் கீழே விடும். அதனால் கூரைக்கு அடியில் சூடு உச்சிக்குப் போவது நண்பகலில் அல்ல, பல மணி நேரம் கழித்து. வெளிக்கோடு இறங்கி, அறையின் கோட்டைக் கீழே வெட்டும் நேரம் ஒன்று வரும். ஜன்னலைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். காலையில் வெளிக்கோடு மறுபடி மேலே ஏறும்போது மூடிவிட வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பகலெல்லாம் "காத்து வரட்டும்" என்று திறந்து வைக்கிறோம், சாயங்காலம் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறோம். கொசுவலை அடித்த ஜன்னல், மதுரையில் மின்சாரம் மிச்சப்படுத்தும் சாதனம் என்றே சொல்வேன்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு ஒன்று, நாகப்பட்டினத்தின் முற்றம் வைத்த பழைய வீடுகளை இப்படி அளந்து பார்த்தது. 2012-ல் 'எனர்ஜி அண்ட் பில்டிங்ஸ்' ஆய்விதழில் அது வெளியானது. கேரளத்துப் பாரம்பரிய வீடுகளை அளக்க, கோழிக்கோடு என்.ஐ.டி ஆய்வாளர்கள் தனிக் கருவியே செய்தார்கள். இரண்டு ஆய்வுகளும் காட்டியது ஒன்றுதான்: வெளியே வெப்பம் ஏறி இறங்கினாலும், அந்த வீடுகளுக்குள் கோடு பெரிதாக அசையவில்லை. பாட்டி சொன்னதுதானே என்று தோன்றும். ஆனால் நாகப்பட்டினத்துக்குக் கடல்காற்று உண்டு, மதுரைக்கு இல்லை. அங்கே பலித்ததை அப்படியே இங்கே காப்பியடிக்க முடியாது. நம் வீட்டை நாம்தான் அளக்க வேண்டும்.

கூரைதான் குற்றவாளி என்று கிராஃப் சொன்னால், முதல் வைத்தியம் வெள்ளையடிப்பது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பிலிருந்து கூல் ரூஃப் பெயின்ட் வரை, பட்ஜெட்டுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் தட்டோடு பதிப்பதைச் செலவு என்று ஒதுக்க வேண்டாம். மேற்குச் சுவர்தான் பிரச்னை என்றால் வெயிலுக்குக் குறுக்கே ஒரு வேப்பமரமோ பந்தலோ உதவும்.

இதற்குப் பிறகும் ஏ.சி தேவைப்படலாம். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்க்கச் சொல்வது நியாயமில்லை. 2020 ஜனவரி முதல், ஸ்டார் முத்திரையுள்ள ஏ.சி-கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. 18-க்கு இறக்காமல், ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ.

பெயின்ட் அடிக்கும்போது ஒரு யோசனை: மொத்த மாடிக்கும் ஒரேயடியாகச் செலவு செய்யாதீர்கள். ஓர் அறைக்கு மேலே மட்டும் முதலில் அடித்து, அந்த அறையிலும் பக்கத்து அறையிலும் லாகரை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அறைகளும் முன்பு எப்படி இருந்தன என்ற கிராஃபும் கையில் இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் மீதிக்கும் அடிக்கலாம். வேலை முடிந்ததும் கருவியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஒரு தெருவுக்கு ஒரு செட் தாராளமாகப் போதும்.