பழைய இசைத்தட்டும் கணிப்பொறியும்

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தபொழுது அவருக்கு வயது 27. நாடக மேடையில் ஒலித்த அக்குரலை இன்று நாம் கேட்பது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளின் உதவியால்தான். அத்தகைய தட்டுகள் ஜொகூரின் ஈரக்காற்றில் பூஞ்சணம் படிந்து கெடும் இயல்பின. அவற்றைக் கணிப்பொறியிற் பதிந்து காக்க முயல்வோர், ஒலியின் தெளிவெல்லாம் கணிப்பொறி தருவது என்று கருதுவதுண்டு. உண்மை அஃதன்று. முள் தட்டைத் தொடும் இடத்திலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

முதற்கண் தட்டின் தன்மையை அறிதல் வேண்டும். 1948-இல் வந்த நெடுந்தட்டு வினைல் என்னும் பொருளால் ஆனது. பழைய தட்டோ அரக்கு. சாராயம் அரக்கைக் கரைக்கும். ஆகவே வினைலுக்கென விற்கும் சாராயம் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைப்பது, துடைப்பதன்று, அழிப்பதே. வடித்த நீரில் மென்மையான சவர்க்காரம் ஒரு துளி போதும். நடுவிலுள்ள சீட்டு நனையலாகாது.

அடுத்தது முள். நெடுந்தட்டின் முள்முனை, ஆரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ உடையது. அரக்குத் தட்டின் பள்ளமோ அகன்றது. அதற்கு ஏறக்குறைய மூன்று பங்கு தேவை. சிறிய முள்ளை இட்டால் அது பள்ளத்தின் அடியில், தூசி தங்கிய இடத்தில் உழலும்; சுவரில் உள்ள பாட்டை விட்டு அழுக்கைப் படிக்கும்.

சுழலும் வேகமும் கவனத்துக்குரியது. '78' என்பது பல தட்டுகளுக்குப் பெயரளவே. தொடக்க காலத்தில் 80 சுற்றில் பதிந்தனவும் உண்டு. அதனை 78-இல் ஓட்டினால், சுருதி அரைச் சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பாடியவர் குரலும் கனத்துவிடும். பாடகரின் கட்டை அறிந்த முதியவர் ஒருவர் அருகிருப்பது எந்தக் கருவியினும் பெரிய துணை.

பதிவின்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் பொறிப்பது வழக்கம். இசைக்கும்போது அதனை மாற்றிச் சரிசெய்வர். இதற்குரிய பொது அளவு 1954-இல்தான் அமைந்தது. முன்னர் நிறுவனத்துக்கு ஒரு வழக்கம். கணிப்பொறியில் நேரே இணைக்கும் இக்காலச் சுழல்மேடைகளுள் பல 1954-ஆம் ஆண்டு அளவையே கையாள்வதால், பழைய தட்டின் உயர்ந்த ஒலி மிகையாகக் குறைந்து, பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். தட்டின் மீது பழி சுமத்துமுன் இதனை ஆராய்தல் நன்று. மேலும் பழைய தட்டு ஒரே ஒலித்தடம் உடையது. இக்கால முள்ளின் இரு தடங்களையும் பதிந்து பின் ஒன்றாக்கினால், முள் மேலும் கீழும் துள்ளுவதால் எழும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

இனிக் கணிப்பொறி. நொடிக்கு 96,000 மாதிரி, 24 பிட் என்பது ஒலிக்காப்பகங்களின் பரிந்துரை. மூன்று நிமிடப் பாட்டு ஏறத்தாழ 100 மெகாபைட் கொள்ளும். அளவைச் சுருக்கும் எம்.பி.3 வடிவத்தை நகலுக்கு வைத்துக்கொள்ளலாம், மூலத்துக்கு ஆகாது. ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றாமல் இடம் விடவேண்டும். உச்சி அறுபட்ட ஒலியை மீட்க இயலாது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளிலேதான் ஆர்வலர் தவறுவது. தட்டின் சீறல் உறையும் உயர்ந்த ஒலிப்பகுதியிலேயே மெய்யெழுத்துகளின் கூர்மையும் உறைகிறது. சீறலை முற்றும் அகற்றினால் சகர றகர ஒலிகள் மழுங்கிச் சொல் சிதையும். பாட்டு மிஞ்சும், தமிழ் மிஞ்சாது. ஆகவே தூய்மை செய்யாத முதற்பதிவை அப்படியே வைத்து, மாற்றங்களை நகலில் மட்டும் செய்தல் வேண்டும். அதனுடன் தட்டின் சீட்டைப் படம் எடுத்து, அதிலுள்ள எண்ணையும், சீட்டை அடுத்து அரக்கிற் பொறித்த எண்ணையும் எழுதிவைத்தால், பதிவின் காலத்தைக் கணிக்க அவை உதவும்.