போத்தலுக்குள் மழை இல்லை

சிறுபோகத்தில் நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது குளம் வற்றிவிட்டால் கமக்காரர் படும் பாடு சொல்லி முடியாது. பூக்கும் வேளையில் நீர் குறைந்தால் மணி பதராகிவிடும். இந்தத் தவிப்பை நம்பியே பலவிதமான போத்தல்கள் எமது கிராமத்துக் கடைகளுக்கு வருகின்றன. 'உயிர்த்தூண்டி' என்பது அவற்றின் பொதுப்பெயர். அவற்றுக்குக் காசு செலவிடலாமா?

உயிர்த்தூண்டி பசளையும் அல்ல, பூச்சிகொல்லியும் அல்ல. பயிர் தனக்குக் கிடைக்கும் போசணையை நன்கு பயன்படுத்தவும், வரட்சி, வெப்பம், உவர் ஆகியவற்றைத் தாங்கவும் துணைசெய்வதே அதன் பணி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பசளைச் சட்டமும் அதனை இவ்வாறே வரையறுக்கிறது. கடற்பாசிச் சாறு, இயூமிக் அமிலம், அமினோ அமிலங்கள், நன்மை தரும் நுண்ணுயிர்கள் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றுள் கடற்பாசி எமக்கு அந்நியமானதல்ல. இராமநாதபுரக் கரையிலும் எமது வடபகுதிக் கடலிலும் கப்பாபைகஸ் என்னும் பாசி வளர்க்கப்படுகிறது. இந்தியாவில் அதனைப் பச்சையாகவே பிழிந்து, சாற்றைப் பயிருக்குத் தெளிக்கிறார்கள். சக்கையிலிருந்து கராஜீனன் என்னும் கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள்.

இது எவ்வாறு உதவுகிறது? நீர் குறையும்போது பயிர் தன் கலங்களில் புரோலின் போன்ற பொருள்களைச் சேர்த்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெப்பத்தால் உண்டாகும் நச்சுப் பொருள்களை முறியடிக்கும் நொதியங்களையும் ஆக்கும். கடற்பாசிச் சாறு இந்தத் தற்காப்பை ஊக்குவதாகப் பல பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே நெருக்கடி வருமுன் தெளிப்பதே பயன்தரும். கருகிய இலையை எந்தச் சாறும் உயிர்ப்பிக்காது.

பசளையை நிறுத்திவிட்டு இதனை மட்டும் தெளிப்பதும் தவறு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்கிடையில் விளைச்சல் வீழ்ந்ததை நாம் கண்டோம். பயிருக்கு வேண்டிய நைதரசனைச் சில துளிச் சாறு தந்துவிடாது.

எனவே முதற் செலவு மண்ணுக்கே ஆகட்டும். கூட்டெரு இடுங்கள், தோட்டப் பயிருக்கு வைக்கோல் மூடுபடை போடுங்கள், உவர் வயலுக்கு ஏ.ரீ. 354 போன்ற தாங்கும் நெல்லினத்தைத் தெரிவுசெய்யுங்கள். அதன் பின்பே போத்தலைப் பற்றி யோசியுங்கள்.

வாங்குவதாயின் முதலில் ஒரு பரப்பில் மட்டும் சோதித்துப் பாருங்கள். பாதிக்குச் சாறு, மறுபாதிக்கு வெறும் தண்ணீர் தெளியுங்கள். விதை, பசளை, நீர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே காயவைத்து நிறுங்கள். கூடிய விளைச்சலின் பெறுமதி போத்தல் விலையையும் தெளிகூலியையும் தாண்டினால் அடுத்த போகத்தில் விரிவுபடுத்துங்கள். தாண்டாவிட்டால், விற்பவர் என்ன சொன்னாலும் உங்கள் தராசு சொல்வதையே நம்புங்கள். அந்தக் கணக்கை அயலவருக்கும் சொல்லுங்கள். வீண்கடனிலிருந்து அவரையும் அது காக்கும்.