வழக்குல ஜெயிச்சும் ஆட முடியல... இளம் வீரர்களின் ஒரு வருஷத்தைப் பறித்த 'டிராஃப்ட்' விதி என்ன?

13 வயதில் ஐபிஎல் ஏலத்தில் 1.10 கோடி ரூபாய்க்குப் போனார் வைபவ் சூர்யவன்ஷி. ஆனா, அமெரிக்காவில் 20 வயது வீரர் ஒருவர், "நீ இன்னும் சின்னப் பையன்" என்று தொழில்முறை லீக்கால் திருப்பி அனுப்பப்பட்டார். கோர்ட் வரை போன அந்த வழக்கு என்ன சொல்லுது? பார்க்கலாம்.

டிராஃப்ட்னா என்ன?

ஏலம் மாதிரிதான், ஆனா பணப் போட்டி கிடையாது. அணிகள் வரிசைப்படி ஒவ்வொரு வீரராகத் தேர்வு செய்யும். கடந்த சீசனில் பின்தங்கிய அணிக்கு முதல் வாய்ப்பு. அமெரிக்கன் ஃபுட்பாலின் என்எஃப்எல் லீக்கில், பள்ளிப் படிப்பு முடிந்து 3 ஆண்டுகள் ஆனால்தான் இதில் பங்கேற்க முடியும்.

வழக்கு போட்டது யார்?

மாரிஸ் கிளாரெட். முதலாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி 2002 சீசனின் தேசிய சாம்பியன் ஆக உதவியவர். "இந்த விதி வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது" என்று 2003-ல் வழக்கு தொடர்ந்தார். 2004 பிப்ரவரியில் ஜெயித்தார்.

அப்புறம் என்ன ஆச்சு?

லீக் மேல்முறையீடு செய்தது. டிராஃப்ட்டுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஏப்ரல் 19-ல் தீர்ப்புக்குத் தடை. உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தடை நீங்கல. மே மாதம் தீர்ப்பே தலைகீழானது. அதை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

கோர்ட் சொன்ன காரணம்?

விதி நியாயமா, இல்லையா என்பதற்குள் கோர்ட் போகல. யாரை வேலைக்குச் சேர்ப்பது என்பது வீரர்கள் சங்கமும் லீக்கும் பேசி முடிக்க வேண்டிய தொழிலாளர் விவகாரம். அதில் போட்டிச் சட்டம் நுழையாது என்றது. ஒரு ஆலையில் சங்கமும் நிர்வாகமும் போடும் ஒப்பந்தம், நாளைக்கு வேலைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும் அல்லவா? அது போலத்தான்.

உண்மையில் அடிபட்டது யார்?

முதல் தீர்ப்பை நம்பி, மைக் வில்லியம்ஸ் என்ற இன்னொரு மாணவரும் டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்து, ஏஜென்ட்டும் வைத்துக்கொண்டார். தீர்ப்பு மாறியதும் லீக்கும் இல்லை, கல்லூரி அணியும் இல்லை. ஒரு சீசன் முழுக்க வீட்டில். 2005-ல் 10-வது வீரராகத் தேர்வானார். அதே ஆண்டு தேர்வான கிளாரெட், என்எஃப்எல் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட ஆடவே இல்லை.

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கபடி, கால்பந்து, கிரிக்கெட் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் 3 விஷயத்தைக் கவனிக்கணும்.

* 18 வயது ஆகாதவருக்கு ஒப்பந்தம் போடும் தகுதி இல்லை என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். பிள்ளையிடம் மட்டும் கையெழுத்து கேட்டால் உஷார்.

* லீக்குக்கு லீக் வயது, தகுதி விதி மாறும். அந்த ஆண்டுக்கான விதியை எழுத்தில் வாங்கிப் படிங்க.

* கோர்ட்டில் முதல் வெற்றி, கடைசி வெற்றி அல்ல. மேல்முறையீடு முடியும்வரை பள்ளி, கல்லூரி இடத்தை விட்டுடாதீங்க.