பரிசல் எப்படி நேராக அக்கரை போகிறது?

அடுப்பு மேடையில் ஒரு பெரிய தாம்பாளம். அதன் இந்த விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு ஓர் எறும்பு நேராக ஊர்கிறது. அது ஊர்ந்துகொண்டிருக்கும்போதே தாம்பாளத்தை மெல்ல இடப்பக்கம் இழுங்கள். எறும்பைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் இல்லை. அதே தூரம், அதே நேரம். மேடையின் டைல்ஸ் கோட்டை வைத்துப் பார்க்கிற நமக்குத்தான் அது சாய்வாகப் போனது தெரியும். தாம்பாளம் ஆற்றுநீர், மேடை ஆற்றுப்படுகை, எறும்பு பரிசல். இனி எல்லாம் கணக்குதான்.

மோகனூரில் காவிரி கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடகரை நாமக்கல் மாவட்டம், எதிரே கரூர் மாவட்டத்து வாங்கல். கடக்க வேண்டியது 400 மீட்டர், துடுப்பின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர், நீரின் வேகம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர்த்தெற்காகத் துடுப்புப் போட்டால் 400 வினாடியில் அக்கரை. ஆனால் இறங்க நினைத்த துறைக்கு 200 மீட்டர் கீழே. இழுப்பு நேரத்தைத் தின்னவில்லை, இடத்தை மாற்றிவிட்டது.

துறையிலேயே இறங்க வேண்டுமென்றால் எறும்பு தாம்பாளம் போகும் திசைக்கு எதிராகச் சாய்ந்து ஊர வேண்டும். நம் கணக்கில் நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரி மேற்கே. துடுப்பு வேகத்தில் பாதி இழுப்பைச் சரிக்கட்டவே போய்விடும். கரையை நோக்கி மிஞ்சுவது வினாடிக்கு 0.87 மீட்டர். சுமார் 460 வினாடி ஆகும். நேராகப் போவதற்கு ஒரு நிமிடம் கூலி.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்கள் இதைச் செய்வதில்லை. எதிர்த்துறையையே பார்த்துக்கொண்டு அதை நோக்கியே தள்ளுவார்கள். மேடையில் கிடக்கும் சர்க்கரைத் துணுக்கை விட்டுக் கண்ணை எடுக்காத எறும்பு மாதிரி. தாம்பாளம் நகர நகர எறும்பு திரும்பிக்கொண்டே இருக்கும். பாதை வளைந்து, கடைசியில் கீழேயிருந்து இழுப்பை எதிர்த்து ஏற வேண்டிவரும். கை சோர்ந்துபோன நேரத்தில் கடினமான வேலை! இந்த வழியில் 533 வினாடி.

சரி, 30 டிகிரியை ஆற்று நடுவில் எதை வைத்து அளப்பது? அளக்கத் தேவையில்லை. அதிலும் பரிசல் வட்டமானது, முன்பக்கம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. அக்கரையில் ஒரு தென்னையையும், அதற்குப் பின்னால் தள்ளி நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் குறித்துக்கொண்டால் போதும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நிற்கும்வரை நீங்கள் நேர்க்கோட்டில் இருக்கிறீர்கள். தொட்டி தென்னைக்குக் கிழக்கே எட்டிப்பார்த்தால் பரிசல் கிழக்கே நழுவுகிறது. துடுப்பை இன்னும் மேற்கே சாய்க்க வேண்டும். பின்னால் உள்ள அடையாளம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம்தான் நாமும் விலகுகிறோம். துறைமுகத்துக்குள் கப்பலை நுழைப்பவர்களும் முன்னும் பின்னுமாக நிறுத்திய இரு விளக்குகளை இதே மாதிரி ஒன்றுசேர்த்துத்தான் வருகிறார்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. ஆற்றில் தாம்பாளம் ஒன்றல்ல. கரையோரம் தண்ணீர் சோம்பேறி, நடுவில் வேகம், வளைவில் வெளிப்பக்கம் இன்னும் வேகம். எங்கே எவ்வளவு சாய்ப்பது என்பதை அந்த இரண்டு அடையாளங்களே சொல்லிவிடும்.

தாம்பாளம் எறும்பைவிட வேகமாக நகர்ந்தால்? நீர் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடினால் எந்தச் சாய்வும் நேர்க்கோட்டைத் தராது. நேரே தள்ளினால் 600 மீட்டர் கீழே போய்ச் சேர்வோம். அதனால் முதலிலேயே பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக அவ்வளவு தூரம் மேலே நடந்து, அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

நேற்றைய கணக்கு இன்று செல்லாது என்பதும் காவிரியின் குணம். மோகனூருக்கு மேலே ஓடப்பள்ளி, சோழசிராமணி என்று மின்சாரத்துக்கான கதவணைகள் உண்டு. மதகு ஏறி இறங்க நீரின் வேகமும் மாறும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நொடிக்கு 1 லட்சம் கனஅடி திறந்தால், அது சுமார் 28 லட்சம் லிட்டர். கரையோர ஊர்களில் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். அன்றைக்குப் பரிசலுக்கு அனுமதியில்லை.