காந்தச் சுழல்களும் ஒலி அலைகளும்

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனை விரலால் சுண்டிப் பார்ப்பர்; எழும் ஓசையைக் கொண்டே, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா இல்லையா என்பதை அறிவர். இம்முறையை விஞ்ஞானிகள் மீக்கடத்திகளிலும் கையாளுகின்றனர். அங்கே அவர்கள் தேடுவது விரிசலை அன்று, காந்தச் சுழல்களை.

மிகக் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைத் தடையின்றிச் செலுத்தும் பொருளே மீக்கடத்தி. ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் 1911-ஆம் ஆண்டில் காமர்லிங் ஓனஸ் என்பார் பாதரசத்தை ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்தபோது, அதன் மின்தடை அறவே மறையக் கண்டார். மீக்கடத்தி காந்தப் புலத்தைத் தன்னுள் புகவிடாது விலக்கும் என்பது 1933-இல் புலனாயிற்று. ஆயினும் ஒருவகை மீக்கடத்திகளில், புலம் ஓர் அளவைக் கடந்ததும், அது நூலிழை போன்ற குழல்களாகப் பிரிந்து உட்புகுகின்றது. ஒவ்வோர் இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழலுகின்றது. இச்சுழல்களின் இயல்பைச் சோவியத் அறிஞர் அப்ரிகோசாவ் 1957-இல் கணக்கிட்டு விளக்கினார். 2003-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கும் பெற்றார்.

சுழல்கள் அசையாது நின்றால் தொல்லை இல்லை. ஆனால், பாயும் மின்சாரம் அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. அவை நகர்ந்தால் தடையும் வெப்பமும் தோன்றும். மீக்கடத்தியின் பயனே கெடும். ஆகவே, சுழல்கள் சிக்கி நிற்கும்பொருட்டுக் கம்பியினுள் நுண்ணிய குறைகளை வேண்டுமென்றே அமைக்கின்றனர். பிற இடங்களில் குற்றமாவது இங்கே குணமாகின்றது.

அந்தப் பிடிப்பு எத்துணை உறுதியானது? இதனை ஒலி சொல்லும். செவிக்கு எட்டாத மீயொலியைப் படிகத்தினுள் செலுத்தினால், அதன் அணுக்கள் அதிர்கின்றன. இறுகச் சிக்கிய சுழல்கள் அணுக்களுடன் சேர்ந்தே ஆடும். சுழல்கள் ஒன்றையொன்று விலக்குவன. ஆதலின் அவற்றின் வரிசை நெருக்குதலை எதிர்த்து நிற்கும். இவ்வெதிர்ப்பு படிகத்தின் விறைப்போடு கூடுவதால் ஒலியின் வேகம் சிறிது உயர்கின்றது. வெப்பம் ஏற ஏறப் பிடிப்பு தளர்கின்றது. சுழல்கள் அணுக்களுக்குப் பின்தங்கி வழுக்குகின்றன. அவ்வழுக்கலில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகி வீணாகின்றது. அந்நிலையில் ஒலி மங்கும். அதன் வேகமும் தாழும். மின்கம்பி எதனையும் பொருளோடு இணைக்காமலே, பிடிப்பு நெகிழும் வெப்பநிலையை இவ்வாறு அறியலாம்.

இவ்வாராய்ச்சி வெறும் அறிவு விளையாட்டன்று. நாம் வாழும் பெருநகரங்களின் மருத்துவமனைகளில், உடலின் உட்புறத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தங்கள் பெரும்பாலும் நையோபியம்-டைட்டேனியம் மீக்கடத்திக் கம்பியால் ஆனவை. குஜராத்தில் காந்திநகரை அடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தின் காந்தங்களிலும் அக்கம்பி உண்டு. அதனுள் எண்ணற்ற சுழல்கள் இடம்பெயராது நிற்பதாலேயே அக்காந்தங்கள் நமக்குப் பயன்படுகின்றன.